படம் தெரிவதுதான் கம்ப்யூட்டர்

மானிட்டர் கேபிளின் நீல முனையில் ஒரு ஊசி வளைந்திருந்தது. ஷெர்லின் தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நிமிர்த்தினாள்.

லேப்டாப் பழசு, அவளுடைய கல்லூரிக் காலத்தது. அதன் திரையைப் போன வாரம்தான் சகாயநாதன் குக்கர் மூடியால் அடித்து நொறுக்கியிருந்தான். தாலி கட்டியவன், கேட்க யார் இருக்கிறார்கள்?

வேலைக்கு விண்ணப்பித்ததற்கு அந்த அடி. மூடி முதலில் இறங்கியது அவள் தோளில். லேப்டாப்புக்குக் கிடைத்தது மிச்சம்தான்.

இன்று ஆன்லைனில் நேர்காணல். அவள் போனையும் அவன் எடுத்துப் போயிருந்தான். மானிட்டர் பக்கத்து வீட்டு லிசி அக்கா கொடுத்தது, வைஃபையும் அவளுடையதே.

வேலை கிடைத்தால் ஹாஸ்டலில் இடம் உண்டு. திருவெறும்பூரிலுள்ள இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

தரையில் பாய் மேல் லேப்டாப், முக்காலியில் மானிட்டர். கேபிளைச் சொருகித் திருகினாள். கறுப்பு. கீபோர்டில் மேல் வரிசைப் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

சட்டென்று படம் வந்தது. அழுகையும் வந்தது.

அந்தப் பக்கம் மூன்று பேர். உடைந்த திரைக்கு மேலே காமிரா மட்டும் பிழைத்திருந்ததால் அவர்களுக்கும் அவள் முகம் தெரிந்தது. முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொன்னாள்.

இரண்டாவதன் நடுவில் கதவு உதைபட்டுத் திறந்தது. ஷிஃப்டுக்குப் போனவன் பாதியில் திரும்பியிருந்தான்.

"கண்டவன்கூட போன்ல பேசுற வேலை கேக்குதாடி உனக்கு?"

சகாயநாதன் முதலில் மானிட்டரின் வயரைப் பிடுங்கினான். படம் போனது. படம் தெரிவதுதான் அவனுக்குக் கம்ப்யூட்டர், மற்றதெல்லாம் டப்பா. வாய் பிளந்து கிடந்த லேப்டாப் போன வாரமே தன் கையால் செத்துப்போனது என்பது அவன் கணக்கு. அதை எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

இனி யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஆரம்பித்தான்.

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். விழுந்தவளை விலாவில் மிதித்தான். பெல்ட்டை உருவி, பக்கிள் பக்கமாக வீசினான். அவள் உதடு கிழிந்தது.

அடி விழும்போது ஷெர்லின் எப்போதும் மூலைக்கு ஓடுவாள். இன்று ஓடவில்லை. அவன் எங்கே இழுத்துப் போட்டாலும் தவழ்ந்து வந்து லேப்டாப்புக்கு நேராகவே விழுந்தாள். அவனுக்கு அது திமிராகப் பட்டது. இன்னும் ஓங்கி அடித்தான்.

"ஷெர்லின், நாங்க பாத்துட்டுதாம்மா இருக்கோம். வீட்டு விலாசம் சொல்லுங்க."

பெண் குரல். சகாயநாதன் மானிட்டரை ஓங்கி அறைந்தான். குரல் நிற்கவில்லை. அதைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தான். கதவு எண் என்ன, அவன் கையில் என்ன இருக்கிறது என்று லேப்டாப்பிலிருந்து குரல் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்படிக் கேள்வி கேட்டே பழகிய குரல். வீட்டில் அடிபடும் பெண்கள் கூப்பிடுகிற உதவி எண் அவர்களுடையது. அங்கே போன் எடுக்கத்தான் ஷெர்லின் வேலை கேட்டிருந்தாள்.

வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவள் விலாசத்தைச் சத்தமாகச் சொன்னாள்.