அண்ணனின் பேட்டி

"பேட்டியில உன் பேரைக் கண்டிப்பா சொல்றேன்" என்று விமானத்தில் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் நாவலுக்குக் கிடைத்த பரிசை வாங்க வெளிநாடு வந்திருந்தோம். உள்ளூர் வானொலியில் நேரடிப் பேட்டி. அந்த ஊர் பாஷை அவனுக்குத் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பு.

"எழுத யார் உதவினாங்க?" என்று அறிவிப்பாளர் கேட்டதை அவனிடம் சொன்னேன்.

"ஒரு ஈ காக்காகூட உதவலன்னு சொல்லு."

"அண்ணா..."

"முழிக்காதே, சொல்லுடி."

அறிவிப்பாளரிடம் சொன்னேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பி வியப்போடு ஒரு கேள்வி கேட்டார்.

"என்னவாம்?"

"நிஜமாவான்னு கேக்கறார்."

"சத்தியமா!" அண்ணன் நெஞ்சில் கைவைத்து, பலமாகத் தலையாட்டினான்.

அறிவிப்பாளர் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"நாவல் முழுக்க நீங்க எழுதினதுன்னு உங்க அண்ணனே ஒத்துக்கிட்டாரே! இனி உங்ககிட்டயே பேசலாம்."