சொம்பைத் தேடிய பாதாளக்கரண்டி

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க, கொக்கிகள் தொங்கும் பாதாளக்கரண்டியைப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டாள் தெய்வானை. திருப்பித் தரும்வரை ஈடாக இருக்கட்டும் என்று, ஊர் வழக்கப்படி தன் பித்தளைச் சொம்பை அங்கே வைத்துவிட்டு வந்தாள். வாளி கிடைத்தது. கரண்டி இங்கேயே தங்கிவிட்டது.

ஆறு மாதம் கழித்து, சொம்பைக் காணோம் என்று அதே கரண்டியைக் கிணற்றில் இறக்கினாள்.

“சொம்பு கிடைக்குமா?” என்று கேட்டது கயிறு.

“அது எங்க வீட்டுல இருக்கு, எனக்கு ஈடா” என்றது கரண்டி.

“அப்புறம் எதுக்கு இங்க தேடுறா?”

“இது தேடுறது இல்ல, துழாவுறது. தேடுறவளா இருந்தா, என்னைக் கையில எடுத்ததுமே நின்னிருப்பா.”

தெய்வானை கரண்டியை மேலே இழுத்தாள். கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடியும் இறக்கினாள்.