கடைசி ஸ்டேஷன்

யாங்கோனுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சிவநாதனுக்கு ஓசியில் ஒரு வழிகாட்டி கிடைத்துவிட்டார்.

லைங் தாயாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலைக்கு சூப்பர்வைசராக வந்தவன் அவன். டீக்கடையில் பாஷை தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையிலிருந்து தமிழ் கேட்டது.

"லபெயேன்னு சொல்லுங்க தம்பி, டீ வரும்."

ராஜரத்தினம். ஐம்பத்தைந்து வயது, லுங்கி, வாய் நிறைய வெற்றிலை. தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். "நம்ம ஊர்த் தமிழ் கேட்டு எத்தனை நாளாச்சு! என் மக பூர்ணாகூட வீட்ல பர்மா பாஷைதான் பேசறா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் ஊர் சுற்றல்தான். ஒரு வாரம் பகோடா, ஒரு வாரம் காளி கோயில், ஒரு வாரம் அலோன் படகுத்துறை. எங்கே போனாலும் சிவநாதன் பர்ஸை எடுத்தால் ராஜரத்தினத்துக்குக் கோபம் வந்துவிடும். "விருந்தாளி காசு குடுக்கறதா?"

அறையில் கூடத் தங்கியிருந்த பர்கத்துல்லாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் இந்த ஊரில் பத்து வருஷமாக இருப்பவர்.

"எவனும் சும்மா ஊரைச் சுத்திக் காட்ட மாட்டான் சிவநாதா. மொதல்ல சோறு வாங்கிக் குடுப்பான். அப்புறம் 'நீங்க என் தம்பி மாதிரி'ம்பான். கடைசியில செவப்புக் கண்ணாடியை மாணிக்கம்னு தலையில கட்டிட்டு ஓடிருவான்."

"நான் பாத்துக்கறேன் பாய்" என்று சிரித்தான் சிவநாதன்.

நான்காவது ஞாயிறு காலை யாங்கோன் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார் ராஜரத்தினம். பிளாட்பாரத்து டீக்கடையில் உட்கார்ந்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து அவிழ்த்தார்.

ஏழு சிவப்புக் கற்கள்.

"எங்க அம்மா அட்டிகையில இருந்தது. பூர்ணா கல்யாணத்துக்கு இதை விட்டா வேற ஒண்ணும் இல்லே. பத்து மணிக்கு இங்கேயே ஒரு கல்லுக்காரர் வாறாரு. கையில எடுத்துப் பாருங்க. நீங்க என் தம்பி மாதிரி."

பர்கத்துல்லா சொன்னது அப்படியே அட்சரம் பிசகாமல் நடந்தது. சிவநாதன் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துணியிலேயே திரும்ப வைத்தான்.

எதிரே ஒரு ரயில் வந்து நின்றது.

"இது எதுவரைக்கும் போகும்?"

"இதுக்கா? கடைசி ஸ்டேஷன்னு ஒண்ணும் கெடையாது தம்பி. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்" என்று சிரித்த ராஜரத்தினம் பையைக் கட்டி அவன் கையில் வைத்தார். "ஒண்ணுக்குப் போயிட்டு வாறேன். ஈரத்துல எங்கயாச்சும் விழுந்துட்டா வம்பு. பத்திரம்."

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், சிவநாதன் எழுந்து அந்த ரயிலில் ஏறிவிட்டான்.

பயந்துபோய் ஓடினான் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். சட்டைத் தொழிலுக்கு வருவதற்கு முன் திருச்சியில் கல் பட்டை தீட்டும் பட்டறையில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் அவன். ஏழும் அசல் மாணிக்கம் என்று ஒரே பார்வையில் தெரிந்துபோயிற்று. முன்ஜாக்கிரதையும் உண்டு. நான்கு வாரமாகத் தன் பெயர் பாலசந்தர் என்றும், வேலை வேறொரு பேட்டையான ஷ்வேப்யிதாவில் என்றும்தான் சொல்லி வைத்திருந்தான். ஒரு கிழவரிடம் காரணமில்லாமல் எதற்கு உண்மை பேச வேண்டும்?

வண்டி கிளம்பியது. கண்டக்டர் வந்து பர்மியில் ஏதோ கேட்டார். சிவநாதன் கையை முன்னால் நீட்டி, போகும் வரை போகட்டும் என்பதுபோல் ஆட்டினான். அவர் சிரித்துக்கொண்டே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யார் ஏறுகிறார்கள் என்று கதவையே பார்த்தான். பெயர்ப் பலகையெல்லாம் வட்ட வட்டமாக எழுத்து, ஒன்றும் விளங்கவில்லை. யாரோ "இன்செயின்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஜெயில் இருக்கும் ஊர். பையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அதைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கீரைத் தோட்டமும் வயலும் வந்தன. அப்பாடா, நகரம் முடிந்தது. இனி அந்த மனுஷன் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. பூர்ணாவை நினைத்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. பாவத்தைவிடத் தூக்கம் பெரிதாக வந்தது.

விழித்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. மூன்று மணி நேர ஓட்டம். எப்படியும் நூறு மைலாவது வந்திருக்கும். ஏதோ பெரிய ஊர் போலிருக்கிறது, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிவநாதனும் கூட்டத்தோடு கூட்டமாக, நிம்மதியாக இறங்கினான்.

"வந்துட்டீங்களா தம்பி! எங்கே ஏறினாலும் ஊரைச் சுத்தி ஏறின இடத்துலேயே கொண்டாந்து விடற வண்டிதானே, எதுவரைக்கும் போகும்னு வேற கேட்டீங்க, ஆசையா சுத்திப் பாத்துட்டு வரட்டும்னு கல்லுக்காரரை ஒரு மணிக்கு வரச் சொல்லிட்டேன்" என்று சூடான டீயை நீட்டினார் ராஜரத்தினம்.