அதே குளம், அதே விலை

"மாசம் அறுபத்தையாயிரமா? தண்ணியச் சும்மா வச்சிக்கொண்டு ஈக்கிறதுக்கா தம்பி?"

ஹபீலுக்குச் சுருக்கென்றது. கெலிஓயாவில் நீச்சல் குளம் கட்டிக் கொடுக்கும் கடை போட்ட இந்த ஆறு வருடங்களில், விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தன் வீட்டு அலுமாரியைத் திறந்து அவன் எதையோ எடுத்துவிட்டது போல யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். நான்கு மாதமாகப் புது வேலை ஒன்றும் வரவில்லை. அம்பிட்டிய நஸீப் ஹாஜியாரின் குளத்தைப் பராமரிக்க மாதாமாதம் வரும் பணத்தில்தான் கடை வாடகையே போகிறது. இப்போது தேடி வந்திருக்கும் இந்தப் புது வேலையும் கைநழுவினால் அவனுடைய இரண்டு மேசன்மாரும் அடுத்த கிழமை கொழும்புக்குப் போய்விடுவார்கள்.

வந்தவள் பெயர் கைரியா. நாற்பது வயதிருக்கும். கொட்டும் மழையில் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். பணமுள்ளவர்களில் சிலர் இப்படித்தான் எளிமையாக இருப்பார்கள் என்று எண்ணி, கதிரையைத் துடைத்துப் போட்டிருந்தான் ஹபீல். ஃபோனில் அவனுடைய பேஸ்புக் பக்கத்தைத் திறந்து அவள் ஒரு படத்தைக் காட்டினாள். மலைச்சரிவில் நீலமாக மினுங்கும் ஹாஜியார் வீட்டுக் குளம். அதே குளம், அதே அளவு, அதற்கு என்ன செலவு என்று கேட்டாள். காணியை வந்து பார்க்கிறேன் என்றதற்கு, முதலில் விலை, காணி பிறகு என்றுவிட்டாள்.

அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். பாறை உடைத்து, சரிவு இடியாமல் மதில் எழுப்ப மட்டும் பதினெட்டு இலட்சம். பம்ப், வடிகட்டி, டைல்ஸ், கூலி எல்லாம் சேர்ந்து எழுபத்திரண்டு இலட்சம். ஒவ்வொரு தொகையையும் அவள் வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொன்னாள். டைல்ஸ் இத்தாலியிலிருந்து வந்தது என்றதும், காலால் மிதிக்கிற கல்லுக்குக் கப்பல் டிக்கெட்டா என்று கேட்டாள். குளோரின், அசிட், கிழமைக்கு இரண்டு முறை சுத்தம் செய்ய ஆள், தண்ணீர் குறைந்தால் கொண்டுவந்து நிரப்பப் பவுசர் வண்டி, இதற்குத்தான் மாதம் அறுபத்தையாயிரம், கரண்ட் பில் வேறு என்று அவன் முடித்தபோது அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஒரு குழிக்கு இவ்வளவு தீனியா? எத்தனை பேர் குளிக்கிற அதுல?"

"ஹாஜியாரும் மிஸிஸும்தான் ராத்தா. பிள்ளைகள் இல்லையாம்."

 கைரியா ஈரக் குடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"இல்லையெண்டு அவரே சொன்னாரா?"

"ஓ. பிள்ளைகள் ஈந்தா ஒரு பக்கம் ஆழத்தைக் குறைக்கணும். அதுக்காகக் கேட்டேன்."

அவ்வளவுதான். அதுவரை விலையின் மேல் இருந்த கோபமெல்லாம் இப்போது ஹபீலின் மேல் திரும்பியது. ஒரு பெண் தனியாக வந்தால் விலையை இரட்டிப்பாக்குவதா, இதில் பாதிக்குத்தான் அந்த மனுசனுக்குக் கட்டிக் கொடுத்திருப்பீர்கள், கள்ளக் கணக்கு என்று அவள் குரலை உயர்த்த, எதிர்ப் பேக்கரியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹபீலுக்கு இரத்தம் தலைக்கேறியது. ஃபைலை இழுத்து மேசையில் போட்டான்.

"ஹராமான ஒரு சதம் என்ட கடைக்குள்ள வராது ராத்தா. இந்தா ஹாஜியார்ட பில். எழுபத்திரண்டு இலட்சம். மூணு தவணையில முழுக்கக் காசாத் தந்தார். மாசச் செலவும் அதேதான். உங்களுக்கு ஒரு விலை, அவருக்கு ஒரு விலை இல்ல."

"வாயால யாரும் சொல்லலாம். எழுதித் தாங்க, நம்புறேன்."

கோபம் தணியாமலே கடைத் தலைப்பு அச்சடித்த தாளை எடுத்தான். ஹாஜியாரின் முழுப் பெயர், விலாசம், அவர் காசு கட்டிய மூன்று திகதிகள், மாதப் பராமரிப்புத் தொகை என்று அவள் கேட்கக் கேட்க எழுதினான். கையெழுத்து வைத்து, கடை முத்திரையை எடுத்து ஒரு குத்துக் குத்தினான்.

கைரியா அதை இரண்டு முறை படித்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சரிதானே ராத்தா? எப்ப காணியப் பாக்க வாறது?"

"என்னிட்டக் காணி இல்ல தம்பி. நான் ஈக்கிறது வாடகை வீட்டில. உங்களப் பேசினதுக்கு மன்னிச்சிக்கோங்க." அவள் எழுந்து நின்றாள். "நாளைக்குக் காதி கோட்டில பிள்ளைச் செலவு வழக்கு. என்ட மூணு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மாசம் பத்தாயிரம் குடுக்க வருமானம் இல்லையெண்டு அவங்கட வாப்பா எழுதிக் குடுத்தீக்கிறார். உங்கட நஸீப் ஹாஜியார்தான்."

ஹபீல் சுவர்க் கலண்டரைப் பார்த்தான். வாடகை கட்டும் திகதி சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. அவன் கையை நீட்டினான்.

"அந்தக் கடிதத்தத் திருப்பித் தாங்க."

கைரியா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தாங்க ராத்தா," என்றான் ஹபீல், முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தியபடி. "கோபத்துல குத்தினது, மங்கலா விழுந்தீக்கி. காதியாருக்கு என்ட கடைப் பேர் தெளிவா விளங்கணும்."