சிதையைச் சுற்றி ஓடியவர்கள்

பழைய கிரேக்கத்தில், கிழவர் லைக்கோனின் மகன் போரில் இறந்து சிதையில் எரிந்துகொண்டிருந்தான். அவனது ஈட்டி உதவாக்கரை ஒருவன் கைக்குப் போனால் குடும்ப மானமே போய்விடும் என்று அஞ்சியவர், சிதையை மூன்று முறை ஓடிச் சுற்றி முதலில் வருபவனுக்கே அது என்றார். அவ்வூரில் அதுவரை யாரும் இப்படி ஓடியதில்லை. மூன்றாம் சுற்றில் அழுகை நின்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

"எழவு வீட்ல என்னடா கூத்து? மொதல்ல கைதட்டுனது எவன்?" என்று சீறினார் கிழவர்.

பக்கத்தில் நின்ற மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான் மாமா."

கிழவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்தார். சிவந்திருந்தன. அதற்குள் தோற்றவர்கள் மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

"ஐயா, உங்க மகனோட கேடயம் இருக்கில்ல? அதுக்கும் ஒரு ஓட்டம் வைங்க."

மறுக்கத்தான் வாயைத் திறந்தார்.

"எத்தனை சுத்து?" என்றது அவர் குரல்.