முந்திக்கொண்ட அஞ்சலி

மரம் தூக்கும் ஹெலிகொப்டர் ஒன்று நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே காட்டில் விழுந்து, கீழே நின்ற வேலையாள் ஒருவர் இறந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. பெயர் சொல்லவில்லை.

ஆக்லாந்தின் மனுரேவாவில் தமிழ்ச் சங்கச் செயலாளர் சில்வெஸ்ரருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"அங்க கீழ நிண்டு மரம் கட்டுறது எங்கட கிரிஷான்தானே. ஃபோனும் எடுக்கிறானில்லை."

"பொறுங்கோ, சரியாத் தெரியட்டும்," என்றாள் மனைவி பேர்ணடெட்.

"பொறுத்தா மற்றச் சங்கக்காரர் முந்திடுவாங்கள்."

சிலுவை, மெழுகுதிரி, நடுவில் கிரிஷானின் சிரித்த முகம். பேஸ்புக்கில் போட்ட 'கண்ணீர் அஞ்சலி' சற்று நேரத்தில் அவன் ஊரான மன்னார் வரைக்கும் போய்விட்டது. அழுகைப் பொம்மைகள் வந்து குவிவதை, தேநீர் குடித்தபடி சில்வெஸ்ரர் ரசித்தார்.

மாலையில் கிரிஷானே அழைத்தான்.

"அண்ணை, செத்தது வேற ஆள். காட்டுக்குள்ள சிக்னல் இல்லை. இப்பதான் வெளியில வந்தனான்."

சில்வெஸ்ரர் அவசரமாய்ப் பேஸ்புக்கைத் திறந்தார். "மாதாவே! குறை நினையாதை தம்பி, இப்பவே அழிக்கிறன்."

"அழிக்க வேண்டாம் அண்ணை. என்ர படத்தை எடுத்திட்டு அம்மான்ர படத்தைப் போடுங்கோ. மன்னாரில அதைப் பார்த்திட்டு விழுந்தவ, பிறகு எழும்பேல்லை."