தொடர்புடைய கணக்கு

ஆப் ஸ்டோரிலிருந்து வந்த மின்னஞ்சலை ஜெசிந்தா அக்கா சத்தமாக வாசித்தாள்.

"முன்பு நிரந்தரமாக முடக்கப்பட்ட ஒரு கணக்குடன் தொடர்பு இருப்பதால், உங்கள் கணக்கும் முடக்கப்படுகிறது. இது இறுதி முடிவு."

எந்தக் கணக்கு என்று இல்லை. யாருடையது என்றும் இல்லை.

ஆபீஸில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மட்டும் நிமிரவில்லை.

பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம். பிள்ளை ஏறிய வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப். நல்ல வேலையை உதறிவிட்டு வந்து அக்கா தொடங்கியது. இப்போது ஆப் ஸ்டோரில் அதன் பெயரைப் போட்டுத் தேடினால் வேறு என்னென்னவோ வந்தன.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. முபாரக் எடுத்துப் பேசினான்.

"ஏற்கெனவே வச்சிருக்கவங்களுக்கு ஓடும் சார். புதுசா இறக்கத்தான் முடியல. ஏன்னு... தெரியல சார்."

நிமிராமல் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே வேலைக்கு வருமுன் அவனும் ஒரு ஆப் செய்திருந்தான். ரத்தம் தேடுவோரையும் கொடுப்போரையும் சேர்த்துவைப்பது. திருச்சியில் நிறையப் பேர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை அதைக் காணோம். விதிமீறல், கணக்கு முடக்கம் என்றது ஸ்டோர். எந்த விதி என்று கேட்டு எழுதினான். முதலில் வந்த பதிலே வந்தது. கெஞ்சி எழுதினான். அதே பதில், ஓர் எழுத்து மாறாமல்.

அந்தப் பக்கம் மனிதர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

விட்டுவிட்டான். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தான்.

நேற்று இரவு. உறையூர் வேன் ஓடும்போதே நிற்பதாகக் காட்டுகிறது, காலைக்குள் சரிசெய்துவிடு என்று அக்கா கேட்டிருந்தாள். வீட்டிலிருந்தே சரிசெய்து ஏற்றினான். ரத்த ஆப்பை ஏற்றிய அதே பழைய லேப்டாப்பில். அக்கா கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு.

அவ்வளவுதான். தொட்டதே போதுமாக இருந்தது.

எழுந்தான்.

"அக்கா, அது என் கணக்கு."

எல்லாவற்றையும் சொன்னான்.

யாரும் திட்டவில்லை.

"நீ என்னடா பண்ணுவ," என்றாள் அக்கா. "உக்காரு. என் தங்கச்சி பேர்ல புதுசா ஒண்ணு தொடங்கிப் பாப்போம்."

உட்கார்ந்தான்.

பக்கத்து இருக்கை கிருபாவுடையது. மகளுக்குக் கதை சொல்ல அவளே செய்த சின்ன ஆப் ஒன்று அதே ஸ்டோரில் அவள் பெயரில் இருந்தது. ஓசைப்படாமல் போனை எடுத்தாள். தன் கணக்கிலும் அந்தத் தொடர்பு ஒட்டிவிடாமல், ஆபீஸ் வைஃபையிலிருந்து அதைத் துண்டித்தாள். அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா."

தலையாட்டினான்.

முபாரக்கும் தன் போனைக் கையில் எடுத்தான்.

புதுக் கணக்கு தொடங்க அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். விரல்கள் விசைகளின் மேல் நின்றன. தட்டவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

அவன் பையை எடுத்துக்கொண்டான்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தான். போனை எடுத்துப் பார்த்தபடியே, ஆபீஸ் வைஃபை அறுந்துபோகும்வரை நடந்தான்.

அதன் பிறகும் கொஞ்ச தூரம் நடந்தான்.